குட்டநாடு 2018: தானாக வடியாத நிலத்துக்கு மக்கள் வீடு திரும்பியது எப்படி

பின்னணி

கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம், பத்தனம்திட்டை மாவட்டங்களில் பரந்து கிடக்கும் குட்டநாட்டில் பல வயல்கள் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கின்றன. சில இடங்களில் 2 மீட்டர் வரை கீழே. பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில் ஆகிய நான்கு ஆறுகளும் இங்கே வந்துதான் வேம்பநாட்டுக் காயலில் சேர்கின்றன. சுற்றிலும் மண்கரை எழுப்பி, உள்ளே நிற்கும் தண்ணீரை வெளியே இறைத்துவிட்டு நெல் விளைவிக்கிறார்கள். இப்படிக் கரைகட்டிய வயல்தொகுதிக்குப் பாடசேகரம் என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் நில உடைமையாளர்களின் சமிதி இருக்கிறது. நீர் இறைப்பு, விதைப்பு நாள், அறுவடை இயந்திரம் வரும் முறை எல்லாவற்றையும் அதுவே தீர்மானிக்கும்.

பாடசேகரத்தின் வெளிக்கரையே குடியிருப்பும்கூட. நிலமில்லாத விவசாயக் கூலிக் குடும்பங்களும் மீனவர்களும் வயலுக்கும் ஆற்றுக்கும் நடுவிலுள்ள அந்தக் குறுகிய மேட்டில் வசிக்கிறார்கள். கரை உடைந்தால் உடைமையாளருக்குப் பயிர் போகும், கரையில் இருப்பவருக்கு வீடு போகும். 2018 வெள்ளத்தில் நடந்த பலவற்றுக்கும் காரணம் இந்த இரண்டு நலன்களும் ஒன்றாக இல்லாததுதான்.

வெள்ளம் வெளியேற இரண்டு வழிகள். வடக்கே தண்ணீர்முக்கம் தடுப்பணையைக் கடந்து காயல் வழியாகக் கடலுக்குப் போகலாம். தெற்கே 1955இல் திறக்கப்பட்ட தோட்டப்பள்ளி உபரிநீர் மதகு இருக்கிறது. அதன் 40 கண்கள் வினாடிக்கு 1,812 கனமீட்டர் வெளியேற்றும்படி வடிவமைக்கப்பட்டவை. ஆனால் வாய்க்கால் தூர்ந்தும், கடல்முகத்தில் மணல்மேடு அடைத்தும், 2018இல் அதனால் ஏறத்தாழ 630 கனமீட்டர்தான் வெளியேற்ற முடிந்தது என்று மத்திய நீர்வள ஆணையத்தின் அறிக்கை சொல்கிறது.

ஜூலையும் ஆகஸ்டும்

ஆகஸ்ட் வெள்ளத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். குட்டநாட்டுக்குச் சேதம் ஜூலையிலேயே தொடங்கிவிட்டது. ஜூலை நடுவில் பெய்த மழையில் பல பாடசேகரங்களின் கரைகள் உடைந்து, வளர்ந்து நின்ற இரண்டாம் போக நெல் மூழ்கியது. ஆலப்புழை–சங்கனாச்சேரி சாலையும் தண்ணீருக்குள் போனது. அந்த நீர் முழுதாக இறங்குவதற்குள் ஆகஸ்ட் 15 முதல் 17 வரை கேரளம் முழுவதும் சராசரியாக 414 மி.மீ. மழை கொட்டியது. அந்த மூன்று நாட்களில் மேற்சொன்ன நான்கு ஆறுகளிலும் ஓடிவந்த நீர் 1.63 பில்லியன் கனமீட்டர் என்றும், வேம்பநாட்டுக் காயலால் தாங்க முடிந்தது 0.6 பில்லியன்தான் என்றும் நீர்வள ஆணையம் கணக்கிட்டது. எஞ்சிய நீர் குட்டநாட்டின்மேல் ஏறி நின்றது.

நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகுகள், சுற்றுலா வீட்டுப் படகுகள், சாலையில் ஓடிய டிப்பர் லாரிகள் என்று கையில் கிடைத்த எல்லாவற்றிலும் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். நான்கைந்து நாட்களில் குட்டநாடு ஏறத்தாழ முழுவதும் காலியானது. ஆகஸ்ட் 25 திருவோணத்தன்று பெரும்பாலான குடும்பங்கள் முகாம்களில் இருந்தன.

முதல் முடிவு: வீடுகளைத் துப்புரவு செய்வது

பள்ளிகள் ஆகஸ்ட் 29இல் திறக்க வேண்டும். முகாம்கள் நடந்ததோ பள்ளிக் கட்டடங்களில். அதனால் மாத இறுதிக்குள் மக்களை வீடு திரும்பச் செய்வது என்று முடிவானது. ஆகஸ்ட் 28 முதல் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டு குட்டநாட்டு வீடுகளைக் கழுவும் திட்டம் வகுக்கப்பட்டது. கேரள அரசின் மகளிர் சுயஉதவிக் குழு அமைப்பான குடும்பஸ்ரீயின் பெண்கள், முகாமில் இருந்த குடும்பத்தினர், பிற மாவட்டத் தன்னார்வலர் ஆகியோரோடு எலெக்ட்ரீஷியன், பிளம்பர், தச்சர், பாம்பு பிடிப்பவர்களும் சேர்க்கப்பட்டார்கள். இந்தக் கடைசி நான்கு வகையினரைச் சேர்த்தது மிகச் சரியான முடிவு. ஆயிரம் பேர் துடைப்பத்தோடு நின்றாலும், மெயின் சுவிட்சைப் பார்க்க ஒரு எலெக்ட்ரீஷியன் இல்லையென்றால் அந்தத் தெருவில் வேலை தொடங்க முடியாது.

மேட்டுப்பகுதி ஊராட்சிகளில் திட்டம் நன்றாக நடந்தது. தாழ்ந்த பகுதிகளில், குறிப்பாகக் கைனகரியில், கழுவ வந்தவர்களால் வீட்டுக்குள் நுழையவே முடியவில்லை. ஆறு இறங்கிவிட்டது, ஆனால் உடைந்த கரை வழியாகப் பாடசேகரத்துக்குள் புகுந்த நீர் அப்படியே நின்றது. கடல் மட்டத்துக்குக் கீழுள்ள நிலத்தில் நீர் தானாக வடியாது. கரை உடைந்தே இருந்தால் ஒவ்வொரு கடல் ஏற்றத்துக்கும் மறுபடி உள்ளே வரும். கழுவிய வீட்டில் மறுநாள் தண்ணீர் ஏறிய இடங்களும் உண்டு.

முதலில் கரையை அடைப்பது, பிறகு இறைப்பது, அதன்பிறகு வீட்டைக் கழுவுவது என்று வேலையின் வரிசை இருந்திருக்க வேண்டும். பள்ளி திறக்கும் நாளை வைத்துத் திட்டமிட்டதால் கைனகரி போன்ற இடங்களில் இது தலைகீழானது. செப்டம்பரிலும் அங்கே முகாம்கள் தொடர்ந்தன.

உடைப்பை அடைத்தல்

கரை உடைந்த இடத்தை அங்கே மடை என்கிறார்கள். வேகமாகப் பாய்ந்த நீர் அந்த இடத்தில் ஆழமான குழியைத் தோண்டிவிட்டிருக்கும். பழைய கரை போன கோட்டிலேயே புதுக்கரை போட்டால் அந்தக் குழி முழுவதையும் நிரப்ப வேண்டும், போட்ட மண்ணும் அமுங்கிக்கொண்டே போகும். அதனால் குழியைச் சுற்றிக்கொண்டு, வளைவாகப் புதுக்கரை போடுவதே அனுபவமுள்ளவர்களின் வழக்கம். நீளம் கூடும், மண் குறையும், கரை நிற்கும்.

அடைக்கும் நேரமும் முக்கியம். உள்ளும் புறமும் நீர்மட்டம் சமமாகும் வரை காத்திருக்க வேண்டும். உள்நோக்கி ஓட்டம் இருக்கும்போதே இரு பக்கமிருந்தும் மண் தள்ளிக்கொண்டு வந்தால், இடைவெளி குறுகக் குறுக நீரின் வேகம் கூடி, கடைசி சில மீட்டரில் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும். மட்டம் சமமான பிறகு, நீர் இறக்கமாக இருக்கும் நேரத்தில் இறுதி அடைப்பைச் செய்வார்கள்.

முதலில் தென்னந்தடிகளை இரண்டு வரிசையாக அடித்து இறக்குவார்கள். தடிகள் கெட்டித் தரையைத் தொட வேண்டும், மேல் சேற்றில் நின்றால் சாய்ந்துவிடும். இரு வரிசைகளையும் குறுக்கே மூங்கிலாலும் கயிற்றாலும் கட்டி, உட்புறம் மூங்கில் தட்டியும் ஓலையும் வைத்து, நடுவில் களிமண் நிரப்புவார்கள். இதற்கு ஏற்றது காயலின் அடியிலிருந்து கட்டியாக வெட்டி எடுக்கும் களிமண். தூளாக எடுத்த சேறு நீரில் கரைந்து போகும், கட்டியாக வெட்டியது ஒன்றோடொன்று ஒட்டும். மணல் மூட்டை அவசரத்துக்கு உதவும், ஆனால் மூட்டைகளுக்கிடையே நீர் கசிவதால் அதன் முன்புறம் களிமண் பூச்சு கட்டாயம் வேண்டும். மூட்டையை முக்கால் பங்குதான் நிரப்ப வேண்டும். முழுதாக நிரப்பிய மூட்டை உருண்டையாகி, அடுக்கும்போது இடைவெளி விழும்.

2018இல் ஆள் கிடைப்பதே பெரிய தட்டுப்பாடாக இருந்தது. காயலில் மூழ்கிக் களிமண் வெட்டத் தெரிந்தவர்கள் இப்போது குறைவு. படகில் வைத்த மண்வாரி இயந்திரங்களும் எல்லாப் பாடசேகரங்களுக்கும் ஒரே நேரத்தில் தேவைப்பட்டன.

இறைத்தல்

குட்டநாட்டின் பாரம்பரிய இறைப்புக் கருவி பெட்டியும் பறையும். பறை எனப்படும் நிமிர்ந்த உருளைக்குள் சுழலும் விசிறி நீரை மேலே தள்ளும், அது பெட்டி எனப்படும் மரக்குழாய் வழியாகக் கரைக்கு வெளியே விழும். மோட்டாரையும் விசிறியையும் பட்டை இணைக்கும். உயரம் குறைவு, நீரின் அளவு அதிகம் என்ற இந்த நிலத்தின் தேவைக்கு அது பொருந்தும். ஆனால் மின்சாரத்தை நிறையத் தின்னும். பெட்டியின் வெளிவாய் வெளி நீர்மட்டத்துக்குக் கீழே ஆழமாக மூழ்கியிருந்தால் சுமை கூடிப் பட்டை வழுக்கும், மோட்டார் சூடேறும்.

வெள்ளத்தில் மோட்டார்களும் ஸ்டார்ட்டர் பெட்டிகளும் மின்மாற்றிகளும் மூழ்கியிருந்தன. தண்ணீர் இறங்கியதும் மோட்டாரை ஓட்டிப் பார்ப்பது எல்லோருக்கும் வரும் ஆசை, அதுவே மோட்டாரை எரித்துவிடும். கழற்றி, நல்ல நீரில் சேற்றை அலசி, வெயிலிலோ விளக்கு வெப்பத்திலோ நன்றாக உலர்த்தி, 500 வோல்ட் மெகர் வைத்துச் சுருளுக்கும் உடலுக்கும் இடையே காப்புத் தடையை அளக்க வேண்டும். 1 மெகாஓமுக்குக் கீழே இருந்தால் மின்சாரம் கொடுக்கக் கூடாது, மறுபடி உலர்த்த வேண்டும். பேரிங்கில் சேறு புகுந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும், கிரீஸ் மட்டும் வைத்தால் சில நாளில் இறுகிவிடும்.

எவ்வளவு நாளாகும் என்பதை மக்களிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தால் பல கசப்புகள் குறைந்திருக்கும். கணக்கு எளிது. 100 ஹெக்டேர் பாடசேகரத்தில் 1.5 மீட்டர் நீர் நின்றால் அது 15 லட்சம் கனமீட்டர். மணிக்கு 1,500 கனமீட்டர் இறைக்கும் பம்பு ஒன்று 1,000 மணி நேரம், அதாவது இடைவிடாமல் 42 நாள் ஓட வேண்டும். நடுவில் 50 மி.மீ. மழை பெய்தால் இன்னும் 33 மணி நேரம். கரைக் கசிவும் மின்தடையும் தனி. பெரிய பாடசேகரத்தில் நாளுக்கு நான்கு சென்டிமீட்டர்கூட இறங்காது, வேலை நடக்கிறதா என்றே கரையில் நிற்பவருக்குத் தெரியாது. கரையில் ஒரு அளவுகோலை நட்டு, தினமும் காலையில் மட்டத்தைக் கரும்பலகையில் எழுதிப் போடுவது செலவில்லாத வேலை.

சிறிய பாடசேகரத்தில் ஆபத்து எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. பத்து ஹெக்டேரில் அதே பம்பு நாளுக்கு 36 செ.மீ. இறக்கும். நீரில் ஊறிய கரையின் உட்சரிவுக்கு அதுவரை முட்டுக்கொடுத்தது உள்ளே நின்ற நீரே. அதை வேகமாக எடுத்தால் சரிவு வழுக்கி விழும், வெளிநீர் அழுத்திக் கரைக்கடியில் துளை போடும். கரைமேல் நீளவாக்கில் வெடிப்பு தெரிந்தாலோ, உள்ளடியில் கலங்கல் நீர் ஊறினாலோ இறைப்பை நிறுத்தி, ஊறும் இடத்தைச் சுற்றி மூட்டை அடுக்கி நீரைத் தேக்க வேண்டும். தெளிந்த நீர் கசிந்தால் கண்காணித்தால் போதும். கலங்கலாக வந்தால் கரைமண் வெளியேறுகிறது என்று அர்த்தம்.

ஆலப்புழை–சங்கனாச்சேரி சாலையோரப் பகுதிகளுக்கு வெளியிலிருந்து பெரிய பம்புகள் வந்தன. தாய்லாந்துக் குகை மீட்பில் பங்கேற்ற கிர்லோஸ்கர் நிறுவனத்தின் பம்புகளும் அவற்றில் உண்டு. அவை உதவின. ஆனால் உள்ளூர் மோட்டார்களைச் சீராக்காமல் குட்டநாட்டை உலர்த்த முடியாது, ஏனென்றால் பாடசேகரங்கள் ஆயிரத்துக்கு மேல்.

யார் இறைப்பது என்பதே பெரிய சிக்கலாக இருந்தது. குட்டநாட்டின் முக்கிய நெல் பருவத்துக்குப் புஞ்சை என்று பெயர். அதற்கு முன்பு இறைப்பதற்கு ஒப்பந்த முறையும் அரசு மானியமும் உண்டு. ஆகஸ்டில் பயிரே இல்லை. இரண்டாம் போகம் அழிந்துவிட்ட நிலையில், நவம்பர் விதைப்புக்கு அக்டோபரில் இறைத்தால் போதும் என்பது உடைமையாளரின் கணக்கு. கரையில் இருப்பவருக்கோ இன்றே இறைக்க வேண்டும். செலவைத் தங்கள் தலையில் கட்டிக்கொள்ளச் சமிதிகள் தயங்கியதை முழுதாகக் குறை சொல்ல முடியாது, விதிமுறை அப்படித்தான் இருந்தது. அரசு தலையிட்டு இறைப்புக்கு ஏற்பாடு செய்த பிறகே வேகம் பிடித்தது. இடையில் போன வாரங்களை அந்தக் குடும்பங்கள் முகாமிலும் மாடியுள்ள அயலார் வீட்டிலும் கழித்தன.

வீட்டுக்குள்

நிவாரணத் தொகை கேட்க வேண்டியிருப்பதால், கழுவுவதற்கு முன்பு சுவரில் நீர் நின்ற கோட்டைப் படம் எடுப்பது முதல் வேலை. பிறகு மெயின் சுவிட்சை அணைத்து, எரிவாயு உருளையை வெளியேற்றி, ஜன்னல்களைத் திறந்து காற்று விட வேண்டும். பாம்பு தேடுவது பகலில்தான், நீண்ட கழியால். அடுக்கிய துணி, பாத்திர அலமாரியின் அடி, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம் ஆகியவை அவை ஒதுங்கும் இடங்கள்.

சேறு காய்வதற்குள் அள்ள வேண்டும். காய்ந்த வண்டலைச் சுரண்டினால் சிமென்ட் பூச்சும் சேர்ந்து வரும். உள்ளறையிலிருந்து வாசல் நோக்கித் தள்ளி, பாண்டில் அள்ளி, வாய்க்காலில் கொட்டாமல் தனியாகக் குவிக்க வேண்டும். தரைக்கும் சுவருக்கும், லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி, அதாவது சுமார் 30 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளிந்த நீரைப் பயன்படுத்தி, அரை மணி நேரம் விட வேண்டும். சேற்றின்மேல் ஊற்றினால் குளோரின் அழுக்கோடு வினைபுரிந்து வீணாகும். அதனால் சோப்பால் கழுவிய பிறகே இதைச் செய்ய வேண்டும். ஆசிட்டோடு ஒருபோதும் கலக்கக் கூடாது, நச்சுவாயு வரும்.

கிணறு உள்ள வீடுகளில் 1,000 லிட்டருக்கு 5 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது வெள்ளத்துக்குப் பிந்தைய அளவு. 2 மீட்டர் விட்டமும் 3 மீட்டர் நீரும் உள்ள கிணற்றில் ஏறத்தாழ 9,400 லிட்டர் இருக்கும், 47 கிராம் வேண்டும். பலர் கைப்பிடியாக அள்ளிப் போட்டார்கள். பவுடரை வாளியில் குழைத்து, தெளிந்த நீரை மட்டும் மற்றொரு வாளியில் எடுத்து, அதைக் கிணற்றின் அடிவரை இறக்கி ஆட்டிக் கலக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்தே நீர் எடுக்கலாம். ஆனால் குட்டநாட்டின் பெரும்பகுதிக்குக் கிணற்று நீர் குடிக்க உதவாது. படகிலும் லாரியிலும் வரும் நீரை நம்பித்தான் பலரும் இருந்தார்கள்.

கழிவறைத் தொட்டிகள் நிரம்பியும் மண் ஊறியும் இருந்ததால் வீடு சுத்தமான பிறகும் பல நாட்கள் கழிவறையைப் பயன்படுத்த முடியவில்லை. பெண்களுக்கு இது மிகக் கொடுமையாக இருந்தது. திரும்பும் குடும்பங்களுக்குக் கொடுத்த 22 பொருள் பையைப் பற்றிப் பேசிய அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசவில்லை.

எலிக்காய்ச்சல்

செப்டம்பர் தொடக்கத்தில் கேரளம் முழுவதும் எலிக்காய்ச்சல் எச்சரிக்கை வந்தது. எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலிருந்து, காலிலுள்ள சிறு வெடிப்பு வழியாகக்கூடக் கிருமி ஏறும். துப்புரவுப் பணியில் இறங்கியவர்களுக்கு வாரம் ஒரு முறை 200 மி.கி. டாக்சிசைக்ளின் தடுப்பு மருந்தாகக் கொடுக்கப்பட்டது. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் அது கூடாது, அவர்களுக்கு மருத்துவர் வேறு மருந்து தருவார். வெறும் வயிற்றில் விழுங்கியவர்களுக்குக் குமட்டல் வந்தது, அதனால் அடுத்த வாரம் சாப்பிடாமல் விட்டவர்களும் இருந்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு, நிறைய நீருடன், கொடுப்பவரின் எதிரிலேயே விழுங்கச் செய்வதே வழி.

விதைப்பும் அறுவடையும்

இறைப்பு முடிந்த பாடசேகரங்களில் 2018 இறுதியில் புஞ்சைப் பருவ விதைப்பு தொடங்கியது. பெரும்பாலும் மங்கொம்பு நெல் ஆராய்ச்சி நிலையத்தின் உமா ரகம். ஹெக்டேருக்குச் சுமார் 100 கிலோ முளைகட்டிய விதை. அமில மண் என்பதால் ஹெக்டேருக்கு 600 கிலோ சுண்ணாம்பு, அதில் 350 கிலோ அடியுரமாகவும் மிச்சம் ஒரு மாதம் கழித்தும். 2019 மார்ச், ஏப்ரலில் வந்த அறுவடை வழக்கத்தைவிட நல்ல மகசூலாக அமைந்தது. வெள்ளம் கொண்டுவந்த வண்டலும், நீண்ட நாள் நின்ற நீர் மண்ணின் அமிலத்தைக் கழுவியதும் காரணம் என்று விவசாயிகள் சொன்னார்கள். கரையில் வசிக்கும் குடும்பங்களுக்கு அந்த அறுவடையில் பங்கு இல்லை. இயந்திர அறுவடை வந்த பிறகு கூலியும் குறைவு.

மறுகட்டல்

வெள்ளம் புகுந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் உடனடி உதவி 10,000 ரூபாய். வீட்டுச் சேதத்தைக் கைபேசிச் செயலி மூலம் கணக்கெடுத்து, சதவீத அடிப்படையில் தொகை நிர்ணயித்தார்கள்: 15 சதவீதம் வரை 10,000, 29 வரை 60,000, 59 வரை 1.25 லட்சம், 74 வரை 2.5 லட்சம், அதற்கு மேல் 4 லட்சம் ரூபாய். படிநிலைகளுக்கிடையே இவ்வளவு பெரிய தாவல் இருந்ததால் 29க்கும் 30க்கும் இடையே சண்டை வந்தது. மேல்முறையீடுகள் குவிந்தன. குட்டநாட்டுக் களிமண் உலரும்போதுதான் அடித்தளம் இறங்கும். கணக்கெடுத்த நாளில் நேராக நின்ற சுவரில் இரண்டு மாதம் கழித்து விரிசல் ஓடியது. ஒரே முறை பார்த்து முடிவுகட்டும் கணக்கெடுப்பு இந்த மண்ணுக்குப் பொருந்தாது.

குடும்பஸ்ரீ குழுக்கள் வழியாக ஒரு லட்சம் ரூபாய் வரை வட்டியில்லாக் கடன் கிடைத்தது. கட்டில், அலமாரி, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் போன வீடுகளை நிமிர்த்தியது இதுதான். ஆலப்புழை மாவட்டத்தில் ராமோஜி குழுமத்தின் நிதியில் நூற்றுக்கு மேற்பட்ட வீடுகளைக் குடும்பஸ்ரீயின் பெண் கட்டுமானக் குழுக்களே கட்டி 2020இல் ஒப்படைத்தன. வேலை தெரிந்த பெண்கள் ஊரிலேயே தங்கிவிடுவதால், அடுத்த பழுதுக்கு வெளியாளைத் தேட வேண்டியதில்லை.

2019 ஆகஸ்டில் மீண்டும் வெள்ளம் வந்தது. கைனகரியில் கனகாசேரிப் பாடசேகரத்தின் கரை உடைய, அதையொட்டிய பாடசேகரங்களிலும் நீர் ஏறியது. 2018இல் வீட்டுக்குள் தண்ணீர் கண்ட குடும்பங்களில் பல மறுபடியும் வெளியேறின.

மாற்ற வேண்டியவை

இறைப்புச் செலவை விவசாயக் கணக்கிலிருந்து பிரிக்க வேண்டும். வீடுகள் உள்ள பாடசேகரத்தில், பயிர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நீர் புகுந்த நாளிலிருந்து ஊராட்சியே இறைக்க உத்தரவிடவும் அதற்குப் பேரிடர் நிதியிலிருந்து செலவழிக்கவும் விதி வேண்டும். சமிதிக் கூட்டத்தில் கரையில் வசிப்போரின் பிரதிநிதிக்கும் இடம் வேண்டும். இறைப்பு எப்போது என்பது அவர்கள் வீட்டைப் பற்றிய முடிவு.

மோட்டார் மேடையையும் ஸ்டார்ட்டரையும் 2018 வெள்ளக் கோட்டுக்கு மேல் உயர்த்துவது அந்தந்தப் பாடசேகரத்திலேயே ஒரு கோடையில் முடியக்கூடிய வேலை. முடியாத இடத்தில், எச்சரிக்கை வந்ததும் மோட்டாரைக் கழற்றிப் படகில் ஏற்றிவிடலாம். அதற்கு எடை தூக்கும் சங்கிலிப் பிளாக் ஒன்றும், போல்ட்டுகளுக்கு ஆண்டுதோறும் கிரீஸும் போதும். துருப்பிடித்த போல்ட்டு கழலாததால் மோட்டாரை விட்டுவிட்டுப் போக நேரும்.

ஆண்டுதோறும் மே மாதத்துக்குள் ஒவ்வொரு பாடசேகரக் கரையையும் சமிதியும் ஊராட்சி உறுப்பினரும் சேர்ந்து நடந்து பார்க்க வேண்டும். நண்டு வளை, பழைய அடைப்பின் ஓரம், பெட்டியும் பறையும் கரையைத் துளைத்துச் செல்லும் இடம் ஆகிய மூன்றிலும் கசிவு தொடங்கும். தென்னந்தடி, மூங்கில், காலி மூட்டை ஆகியவற்றைக் கரையிலேயே மேடான இடத்தில் அடுக்கி வைக்க வேண்டும், ஏனெனில் வெள்ளம் வந்த பிறகு அவற்றைக் கொண்டுவரும் படகுகள் எல்லாம் ஆட்களை ஏற்றப் போய்விடும்.